இசைவு தராத மனம்

சங்குமுனைப் பங்குச்சாமியார் இஞ்ஞாசி மிராண்டா, புயலில் போனவர்களுக்காக நடந்த பூசையை நடுவில் நிறுத்திவிட்டுப் பீடத்திலிருந்து இறங்கிப் போனார். இறந்தவர் பட்டியலில் ஒரு பெயரை வாசித்தார். அடுத்த பெயருக்கு வாய் திறக்கவில்லை. ஊர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உடல் கிடைக்காத வீடுகளில் வெறும் சட்டையை நடுக்கூடத்தில் வைத்து அழுதுகொண்டிருந்த நேரம். சாமியாரும் மனுஷன்தானே என்றார்கள். ஆனால் அடுத்த வாரமும் அவரால் முடியவில்லை. அதற்கடுத்த வாரம் ஆயர் வேறொரு குருவை அனுப்பிப் பூசையை நடத்தவேண்டியிருந்தது. இஞ்ஞாசி தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார்.

நரம்பியல் மருத்துவர் சுலைகாவின் அறை துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. காயல்பட்டினத்துக்காரர். நிதானமாகப் பேசுகிறவர். ஒரு சிறிய கண்ணாடித் தட்டை மேசைமேல் நகர்த்தினார். அதில் மிளகளவுக்கு ஒரு கறுப்பு வில்லை இருந்தது.

"காதுக்குப் பின்னால, தோலுக்கு அடியில வைப்போம் ஃபாதர். எப்படி வேலை செய்யும்னு சொல்லிடறேன். பெரிய சத்தம் கேட்டா யாரா இருந்தாலும் திடுக்கிடுவாங்க. ஞானியும் திடுக்கிடுவார். அதை யாராலயும் தடுக்க முடியாது. ஆனா அதுக்கு அடுத்தாப்ல ஒரு கணம் இருக்கு. மனசு அந்தத் திடுக்கிடலைப் பார்த்து, 'ஆமா, இது பயங்கரம்தான்'னு தலையாட்டும். அப்படித் தலையாட்டினதும்தான் அது பயமாகுது, கோபமாகுது, துக்கமாகுது. இந்த வில்லை அந்தத் தலையாட்டலை மட்டும் நிறுத்தும்."

"இசைவு" என்றார் இஞ்ஞாசி.

"என்ன?"

"அதுக்கு ஸ்டோயிக்குகள் வச்ச பேரு டாக்டர். ஏதென்ஸ்ல ஒரு தூண் மண்டபத்துல கூடிப் பேசினவங்க. மனசுல வந்து விழற காட்சிக்கு நாம பொறுப்பில்ல, அதுக்கு நாம கொடுக்கற இசைவுக்குத்தான் பொறுப்புன்னாங்க. சங்குமுனைக்கு வர்றதுக்கு முந்தி குருமடத்துல நான் அதைத்தான் பாடம் நடத்திட்டிருந்தேன்."

சுலைகா சிரித்தார். "நான் அதை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையோட அடிக்குறிப்புல பார்த்தேன். அங்கிருந்துதான் இந்த யோசனையே வந்தது. ஒரு சாமியார் எதுக்கு கிரேக்கர்களைப் பாடம் நடத்தணும்?"

"எங்க வீட்டுக்குள்ள அவங்க இருக்காங்களே. கிரேக்கத்துல ஒரு தோட்டத்துல கூடின பள்ளி ஒண்ணு. தெய்வங்கள் நம்மளக் கவனிக்கறதே இல்ல, பயப்படாம இருங்கன்னு சொன்னாங்க. அவங்களை எங்க சபை வாசல்லயே நிறுத்திருச்சு. தூண் மண்டபத்துக்காரங்களை உள்ள விட்டுருச்சு. எகிப்துப் பாலைவனத்துல குகையில இருந்த எங்க துறவிகள், முதல்ல வர்ற அசைவு பாவமில்ல, அதுக்கு இசைவு கொடுக்கறதுதான் பாவம்னு எழுதினாங்க. என்னென்ன நினைப்பு வந்து கதவைத் தட்டும்னு எட்டா வகுத்தாங்க. பின்னால வந்தவங்க அதை ஏழாக்கினாங்க. இன்னைக்கு மறைக்கல்வி வகுப்புல பிள்ளைங்க ஒப்பிக்கிற தலையான பாவங்கள் ஏழும் அதுதான். அதோட வேர் அந்த மண்டபத்துல இருக்குன்னு எங்க ஊர்ல சொன்னா அடிக்க வருவாங்க."

"எங்க பக்கமும் வந்தாங்க" என்றார் சுலைகா. "பாக்தாத்ல உட்கார்ந்து மொழிபெயர்த்தாங்க. அவங்க வார்த்தையையே எடுத்து ஃபல்சஃபான்னு பேரு வச்சாங்க. அப்புறம் அது பள்ளிவாசலுக்குள்ள எவ்வளவு தூரம் வரலாம்னு பல தலைமுறை சண்டை போட்டாங்க." வில்லையைப் பார்த்தார். "உங்க துறவிகள் குகையில தவம் பண்ணி அடைஞ்சதை நான் அரைமணி நேரத்துல தர்றேன். அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. தூங்காம கிடக்கறவங்க தூங்கறாங்க. அது தெரியும்."

"வேண்டாம்னா எடுத்துடலாமா?"

"எடுக்கவே வேண்டியதில்ல, எந்திரத்தை வச்சு அணைச்சுடலாம். ஆனா இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டு வந்ததில்ல."

இஞ்ஞாசி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காதைக் காட்டினார்.

சங்குமுனையில் அவரைப் பார்த்தவர்கள் முதலில் அவர் உடம்பு தேறிவிட்டது என்றே நினைத்தார்கள். விட்ட பெயரிலிருந்து தொடங்கி எல்லாப் பெயர்களையும் வாசித்துப் பூசையை முடித்தார். விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் வலை அறுந்த தகராறில் ஏலக்கூடத்தில் அரிவாள் வெளியே வந்தபோது, இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று, பந்தி விசாரிக்கிறவரைப் போலப் பேசினார். அரிவாள் உள்ளே போனது. யாரையும் அவர் அதட்டுவதில்லை. எவர் சொல்வதையும் கடைசிவரை கேட்டார். புகழ்ந்தாலும் ஏசினாலும் அவர் முகம் ஒன்றுபோலவே இருந்தது. இப்படி ஒரு சாமியாரை நாங்கள் பார்த்ததில்லை என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் வரத் தொடங்கினார்கள்.

ஆயர் வந்து பார்த்தார். அதன் பிறகு புயல் நிவாரணத்தோடு அந்த வில்லையும் வந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். புருஷனை இழந்தவர்கள், பிள்ளையை இழந்தவர்கள், கடலுக்குப் போகப் பயந்து கரையிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சாமியார் காதுக்குப் பின்னால் இருப்பதும் அதுதான் என்று ஊருக்குத் தெரிந்தது. ஊரார் அதை மிளகு என்றார்கள். மிளகு வைத்தவர்கள் தூங்கினார்கள், கடலுக்குப் போனார்கள், குடியைக் குறைத்தார்கள். குறை சொல்ல ஏதுமில்லை. ஒரு கிழவர் இறந்த வீட்டில் மட்டும், ஒப்பாரி வைக்க உட்கார்ந்த பெண்கள் பாதிப் பாட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததுபோல எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள்.

சலேத்து வரிசைக்குப் போகவில்லை. அவள் புருஷன் சூசை புயலன்று திரும்பாதவர்களில் ஒருவன். முகாமுக்குக் கூப்பிட வந்த பெண்ணிடம், "அவரை நெனச்சு அழுவுறது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அதையும் எதுக்குக் குடுக்கணும்?" என்றாள். இரண்டு பிள்ளைகளோடு இருந்த அவளுக்கு அண்ணன் கயத்தான்தான் துணை. தினமும் மீன் கொண்டுவந்து போடுவான். காலைக் கஞ்சி அங்கேதான். அவனும் முகாமுக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் கயத்தான் கோயிலுக்கு வந்தான். பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டுக்குள் இஞ்ஞாசி இருந்தார். இடையில் தட்டி. கயத்தான் அதன் வெளிப்பக்கம் முழந்தாளிட்டான்.

"சூசை படகுல இஞ்சின் நின்னுபோச்சு சாமி. நான்தான் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தேன். கரையில வெளக்கு தெரியுது. அப்பதான் ஒரு அலை வந்து அவன் படகைக் குறுக்கத் தள்ளிருச்சு. அவன் முங்கினா என்னையும் சேத்து இழுத்துரும். கயிறு அறுந்துபோச்சுன்னு ஊர்ல சொன்னேன். அறுந்து போவல சாமி. நான்தான் அறுத்தேன். மீன் வெட்டுத கத்தியால."

இஞ்ஞாசிக்குள் முதல் அசைவு வந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு மீன் முதுகைக் காட்டிவிட்டு இறங்குவதுபோல வந்து, இறங்கிவிட்டது. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரியான வார்த்தைகளைச் சொன்னார். உயிர்ப் பயத்தில் செய்தது, மனம் வருந்தினாய், கடவுள் மன்னிக்கிறார் என்றார். அவன் தங்கையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதையே பரிகாரமாக விதித்தார். பாவமன்னிப்பு கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை கயத்தான் மறுபடி வந்தான். அதே கயிறு, அதே கத்தி.

"மன்னிச்சாச்சு கயத்தான். மன்னிச்ச பாவத்தைத் திரும்பச் சொல்லவேண்டியதில்ல."

"சரி சாமி" என்று எழுந்து போனான். அதற்கடுத்த வாரமும் வந்து முழந்தாளிட்டான்.

"உனக்கு என்னதான் வேணும்?" இஞ்ஞாசி பொறுமையாகவே கேட்டார். எரிச்சல் என்பது அவரிடம் இல்லை.

கயத்தான் தட்டிக்குப் பக்கமாகக் குனிந்தான்.

"கோவிச்சுக்கிடாதிய சாமி. நான் அதைச் சொன்னப்ப உங்க மூச்சு மாறவே இல்ல. காதை வச்சுக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இன்னைக்கு என்ன மீன் பட்டுதுன்னு சொன்னா எப்பிடிக் கேப்பியளோ அப்பிடிக் கேட்டிய. அது பெரிய பாவம் இல்லபோலன்னு நெனச்சுப் பாத்தேன். அப்பிடி இல்லன்னு எனக்குத் தெரியும். கடவுள் மன்னிச்சிட்டாருன்னு சொல்லுதிய. அவருக்கு வலிச்சுதா இல்லயான்னு உங்க மூச்சுலதானே சாமி நான் பாக்கணும்?"

இஞ்ஞாசி யோசித்தார். யோசனை தெளிவாகவே ஓடியது. அவன் சொல்வது சரி என்று தெரிந்தது. ஆனால் அந்தச் சரி அவரைத் தொடவில்லை. அவனுக்கு மூன்றாவது முறையும் மன்னிப்பு சொல்லி அனுப்பினார். அவன் போகும் காலடிச் சத்தத்திலேயே அந்த மன்னிப்பு அவனுக்குள் இறங்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

மறு வாரம் அவர் சுலைகாவின் அறையில் இருந்தார். கூண்டில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. அதனால் சுற்றிவளைத்துப் பேசினார்.

"ஒருத்தன் தலையில ஒரு பாரம் இருக்கு டாக்டர். என்கிட்ட இறக்கப் பார்க்கறான். என்கிட்ட இறக்க இடமில்ல."

"நீங்க அமைதியாக் கேட்கறது அவருக்கு ஆறுதலா இருக்கும்னுதானே நினைச்சோம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்பதான் ஒண்ணு புரியுது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் புரியாதது. தூண் மண்டபத்துக்காரங்க துக்கத்தை நோய்னாங்க. அதோட இரக்கத்தையும் சேர்த்து நோய்னுதான் சொன்னாங்க. முங்கறவனுக்குக் கை கொடு, ஆனா அவனுக்காக உள்ளுக்குள்ள வருந்தாதேன்னாங்க. எங்க துறவிகள் அந்தப் பாடத்தை வாங்கிக்கிட்டப்போ கோபத்தை எடுத்துக்கிட்டாங்க, பேராசையை எடுத்துக்கிட்டாங்க, ஒருவகைத் துயரத்தைக்கூட எடுத்துக்கிட்டாங்க. இரக்கத்தை மட்டும் அந்த வரிசையில சேர்க்கல. சத்தமில்லாம ஒரு திருத்தம் செஞ்சுட்டாங்க. உங்க வில்லைக்கு அந்தத் திருத்தம் தெரியாது."

சுலைகா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கப்பலிலிருந்து கரி இறங்கிக்கொண்டிருந்தது.

"இரக்கத்தை மட்டும் விட்டுவைக்க முடியுமான்னு கேக்கறீங்க. முடியாது ஃபாதர். மூளைக்குள்ள அதுக்குத் தனி வழி கிடையாது. பிறத்தியார் வலியும் நம்ம வலியும் ஒரே பாதையிலதான் வருது. திறந்தா ரெண்டும் வரும். அந்தப் பூசையில உங்களுக்கு என்ன ஆச்சோ அது மறுபடி ஆகலாம்."

"ஆகலாம்."

"உங்களுக்கு உண்மையிலேயே அணைக்கணும்னு இருக்கா?"

"வேணும்னு தோணல டாக்டர். தோணவிடாமத்தான் இது இருக்கே. சரின்னு மட்டும் தெரியுது. அது போதும்."

சுலைகா எந்திரத்தைக் காதருகே வைத்து வில்லையை அணைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது முன் இருக்கையில் ஒரு குழந்தை ஜன்னல் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு அழுதது. இஞ்ஞாசி தன் நெற்றியைத் தடவிக்கொண்டார். சங்குமுனையில் இறங்கி, புயலுக்குப் பின் அலையைத் தடுக்க எழுப்பிய கற்சுவரைப் பார்த்ததும், போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நடந்தார். அந்தச் சனிக்கிழமை மதியச் சாப்பாடு இறங்கவில்லை. கூண்டுக்குள் போய் உட்கார்ந்து கயத்தானுக்காகக் காத்திருந்தார். பாட்டிமார் வந்தார்கள், இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். கயத்தான் வரவில்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து அவர் கரைக்கு நடந்தார். கயத்தான் படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கூண்டில் கேட்டதைப் பற்றி வெளியே அவனிடமேகூட அவராகப் பேச்செடுக்க முடியாது.

"நல்லா இருக்கியா கயத்தான்?"

அவன் நிமிர்ந்து, காதை முன்னால் மடக்கிக் காட்டினான். சின்னப் பிளாஸ்திரி. "வச்சாச்சு சாமி. பக்கத்து ஊர் முகாம்ல." முகத்தில் நிம்மதி இருந்தது. நெற்றியில் புதுக் காயமும் இருந்தது. "சலேத்துகிட்டயும் சொல்லிட்டேன்."

"எதை?"

"கயிறு அறுந்து போவல, நான்தான் அறுத்தேன்னு. இத வச்சதும் பயம் போயிருச்சு. பயம் போனதும் சொல்லதுக்கு என்ன தடைன்னு தோணுச்சு. இன்னைக்குக் காலையில கஞ்சி குடிக்கும்போது சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"கஞ்சிக் கும்பாவைத் தூக்கி எறிஞ்சா." நெற்றியைத் தொட்டான். "வலிச்சுது. போயிருச்சு."

இஞ்ஞாசி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கயிற்றை, அந்தக் கத்தியை, கரை விளக்கு தெரியும் தூரத்தை அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பதுபோல் இருந்தது.

கயத்தான் தலையைச் சாய்த்து அவரைக் கவனித்தான். "இப்ப மாறுது சாமி, உங்க மூச்சு" என்றான். "அணைச்சிட்டியளா?"

"ஆமா."

"சரி" என்று சொல்லி, வலைக்குக் குனிந்துகொண்டான்.

சலேத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். கூடத்தில் கஞ்சி கொட்டிக் காய்ந்து கிடந்தது. சாமியார் நின்றபடியே இருந்தார்.

"மழை வரும்போல இருக்குன்னு சொல்லுவாங்கல்லா சாமி, அப்பிடிச் சொன்னான். என் புருஷனை விட்டுட்டு வந்தான்னு நான் அடிக்கல. கடல்ல என்ன நடக்கும்னு எனக்கும் தெரியும். எங்கப்பாவும் கடலோட போனவருதான். அதைச் சொல்லிட்டு அந்த வாயாலயே கஞ்சிய உறிஞ்சினான். அதுக்குத்தான் அடிச்சேன். அடிச்சா, 'இன்னும் அடிக்கணுமா தங்கச்சி'ன்னு கேக்கான். நான் யாரை அடிக்க? எங்க அண்ணன் அங்க இருந்தாத்தானே."

இஞ்ஞாசி அழுதார். அவள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும் சாமி. ஆனா இந்தக் கொரல்ல அவன் சொல்லுத பதில் எனக்கு வேண்டாம்."

அவர் மறுபடி கரைக்குப் போனார். கயத்தானுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லிட்டேன் சாமி. அவளுக்கு இன்னும் என்ன வேணுமாம்?"

"நீ வேணுமாம்."

"இங்கதானே இருக்கேன்." யோசித்தான். "இத அணைச்சா பழையபடி எல்லாம் வருமா?"

"வரும்."

"உங்களுக்கு எப்பிடி இருக்கு?"

"நெஞ்செல்லாம் வலிக்குது. நேத்து மதியம் சோறு இறங்கல."

"கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் சாமி" என்றான் கயத்தான். கேலியாகச் சொல்லவில்லை. வலைமேல் கையை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமியார் வற்புறுத்தவில்லை. பயமோ ஆசையோ காட்டி அவனை இப்போது அசைக்க முடியாது. அவனாகவே எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வரவேண்டும். அந்த நிலையிலிருந்தே வெளியேற முடிவெடுத்தவர் அவர். அது நடக்கக்கூடியதுதான் என்று அவருக்குத் தெரியும். நடந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது.

"சூசைக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றான் கயத்தான் கடைசியில். "நான் அதுகளுக்குத் தாய்மாமன். பெரிசாயி ஒருநாளு வந்து எங்கப்பா எப்பிடிச் செத்தாருன்னு எங்கிட்ட கேக்கும். அப்பவும் நான் இப்பிடியே சொல்லிக்கிட்டு இருந்தா, அதுகளுக்கு அப்பனும் இல்ல, மாமனும் இல்லன்னு ஆயிரும். கணக்குச் சரியா வரல." வலையை மடித்தான். "ஆனா அணைக்கும்போது சலேத்து அங்க இருக்கணும். அவ வருவாளா?"

அவள் வந்தாள். பஸ்ஸில் முன்னால் பெண்கள் இருக்கையில் அவள், கடைசி வரிசையில் அவன். இஞ்ஞாசி நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை.

சுலைகா கயத்தானை ஜன்னலோரம் உட்காரவைத்தார். சலேத்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் எந்திரத்தை அவன் காதருகே வைத்து எடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கயத்தான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தான், விசிறியைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான். விரல்களை மடக்கினான், விரித்தான். மூச்சு ஒரு தரம் தடுக்கியது. அப்புறம் அவன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு, குரல் அடைத்துக் கதறினான். சுலைகா எழுந்தார். இஞ்ஞாசி கை காட்டி நிறுத்தினார்.

சலேத்து அசையவில்லை. அவனைத் தொடவுமில்லை, அழாதே என்று சொல்லவுமில்லை. கதறல் விம்மலாகும் வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"கயித்த அறுத்தப்ப அவரு உன்னயப் பாத்தாரா?"

தலையை நிமிர்த்தாமலே ஆட்டினான். பார்த்தான் என்று.

"எதாவது சொன்னாரா?"

முழங்காலுக்குள்ளிருந்தே, "கூப்புட்டான்" என்றான்.

"யாரை?"

"என்னயத்தான். மச்சான்னு."

சலேத்து நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"எப்பிடிக் கூப்புட்டாரு?"

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவள் கையை எடுக்கவில்லை. அவன் கண்ணை மூடினான். கடல் இரைச்சலைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்று கத்துகிறவனுடைய குரலில், முதல் எழுத்தை அழுத்தி, கடைசியை இழுத்து, பயத்தோடு கொஞ்சம் செல்லமும் கலந்து, ஒரு முறை கூப்பிட்டான்.

"மச்சான்!"

சலேத்துவின் முகம் கோணியது, பிறகு மெல்ல நேரானது. சூசையின் உடல் கரைக்கு வரவில்லை, சட்டையை வைத்துத்தான் அழுதிருந்தாள். அவன் எப்படிப் பேசுவான் என்பது நாளாக ஆக அவளுக்கே மறந்துகொண்டு வந்தது.

"அவரேதான்" என்றாள். அண்ணனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ கூப்புடுண்ணே."